மறுமொழி: யார்க்‌ஷயர் மலையில் நம் சுவஸ்திகமா?

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

பெரியவீட்டு மாமா அனுப்பிய, பாறையில் சுவஸ்திகம்போல் செதுக்கிய கோலத்தின் படத்தைப் பார்த்தேன். ‘இங்கிலாந்து மலையில் நம் சுவஸ்திகம்’ என்று தலைப்பு வேறு! யார்க்‌ஷயரின் லீட்ஸ் நகரில் இருந்துகொண்டு எப்படிச் சும்மா இருப்பது? அந்தக் கல் கிடக்கும் இல்க்லி மூர் என்ற மேட்டுநிலத்துக்கு இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான்.

மாமா கோபிக்கக் கூடாது. படத்தில் பளிச்சென்று தெரிவது நகல். அசல் சற்றுத் தள்ளி, பாதி தேய்ந்துபோய் இருக்கிறது. கைகள் சுவஸ்திகம்போல் நேராக மடங்காமல், பூவிதழாக வளைகின்றன. நடுவே சின்னச் சின்னக் குழிகள், ஒரு பக்கம் கொக்கிபோல் கூடுதலாக ஒரு வால். இதே சாயலில் இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கான வால் கமோனிகாவில் நிறையக் கொத்தியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் லம்பார்டி மாநிலத்தின் சின்னமே அதுதான். உறவு கொண்டாட முதல் உரிமை அவர்களுக்கு.

வருகிறவர்கள் அந்த ஒரு கல்லோடு திரும்பிவிடுவதுதான் எனக்கு வருத்தம். மேலே மரமற்ற மேட்டுநிலம் முழுக்கப் பாறைகள். பலவற்றில் குழியும் அதைச் சுற்றி வளையங்களும். புதிய கற்காலத்திலிருந்து வெண்கலக் காலத் தொடக்கம்வரை, இரும்பு உளி இல்லாமல், கல்லால் கல்லைக் கொத்தியவை. ஸ்காட்லாந்தின் கில்மார்ட்டினிலும் அயர்லாந்திலும் ஸ்பெயினின் கலீசியாவிலும் இதே குழி, இதே வளையம். இங்குள்ள பாறை சொரசொரப்பான மணற்கல். பின்னாளில் திரிகைக்கல் செய்ய உதவிய இனம். எனக்கு நம் கோயில் பாறையில் பிள்ளைகள் பல்லாங்குழி ஆடக் கொத்திய குழிகள் நினைவுக்கு வந்தன. நினைவுக்கு வந்தன, அவ்வளவுதான். இதை வைத்து யாரும் புது மடல் கிளப்ப வேண்டாம்.

முதல் தடவை ஜூன் மாத உச்சிவேளையில் போய், இப்படிக் குழியும் வளையமும் கொத்திய பேட்ஜர் கல் என்ற பாறைக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் தெரியாமல் இறங்கிவந்தேன். டிசம்பரில் மறுபடியும் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு குழியிலும் நிழல் தேங்க, வெறும் பாறையாக இருந்தது அம்மைத் தழும்பு முகம்போல எழுந்து நின்றது.

கீழே இல்க்லி ஊருக்குள் தேவாலயத்துக்கு எதிரே, முன்பு இருந்த இடத்தில் வீடுகள் வரவிருந்ததால் பெயர்த்துவந்து வைத்த பனோரமா கற்கள் என்ற கொத்துப் பாறைகளும் உண்டு. ஏணி போன்ற அவற்றின் கோடுகள் இப்போது ஏறக்குறைய அழிந்துவிட்டன.

குளிர்கால விடுமுறைக்கு வருகிறவர்கள் எழுதுங்கள், கூட்டிப்போகிறேன். பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் மலைமேல் இருக்க வேண்டும், நான்குக்குள் இருட்டிவிடும். படத்துக்காகக் கோடுகளில் சுண்ணக்கட்டி தடவுகிறவர்களுக்கு மட்டும் இடமில்லை.