சுமைகூலி முக்கால் பணம்: அமெரிக்காவில் ஸ்டால் போட்ட அனுபவங்கள்

கணபதி லேத்

செப்டம்பரில் சிகாகோ கண்காட்சிக்குப் போகிற இரண்டு பேர், அங்கே ஸ்டால் போடுவது எப்படி என்று தனியாகக் கேட்டார்கள். ஆளுக்கு ஒருமுறை சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் கோவையில் சின்ன சிஎன்சி லேத், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷின், செய்கிறோம். கோவையின் கொடிசியா கண்காட்சி வளாகத்தில் ஸ்டால் போட்டுப் பழகியவர்கள். கிரேன்காரரிடம் முன்னாடியே பேசிவைத்திருப்போம். மெஷினை இறக்கிவிட்டால் மிச்சத்தை எங்கள் ஃபிட்டரும் இரண்டு பையன்களும் ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடுவார்கள். அதே நினைப்பில் சிகாகோவின் கண்காட்சி அரங்கமான மெக்கார்மிக் பிளேஸுக்குப் போனோம். 26 லட்சம் சதுர அடி காட்சிப் பரப்பு. உள்ளே நடந்தே கால் வீங்கும்.

எங்கள் பெட்டி ஸ்டாலில் வந்து உட்கார்ந்தது. பக்கத்துச் சந்தில் ஒரு போர்க்லிஃப்ட் சாவியோடு சும்மா நின்றது. ஃபிட்டர் இருபது வருடம் அதை ஓட்டியவர், கை சும்மா இருக்குமா? "ரெண்டே நிமிசமுங்க" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். உடனே பளிச்சென்ற மஞ்சள் சட்டையில் ஒருவர் வந்து நின்றார். கத்தவில்லை, திட்டவில்லை. "சார், இறங்குங்கள்" என்றார். தொழிற்சங்கத்தின் ஸ்டீவர்ட், அதாவது வேலையிடத்தில் சங்கத்தின் பிரதிநிதி, என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் மானம் நாலு ஸ்டால் வரைக்கும் தெரியப் போனது.

போர்க்லிஃப்ட், கிரேன் எதையும் ஸ்டால்காரர் தொடக்கூடாது. கனரக மெஷினைத் தூக்கி வைப்பது ரிக்கர்கள் வேலை. நாங்கள் ஆள் கேட்டு முன்பதிவு செய்யவில்லை. இடத்தில் போய்க் கேட்டால் கட்டணமும் கூடுதல், முன்பதிவு செய்தவர்கள் முடிந்த பிறகுதான் நம் முறை. காலையிலிருந்து காத்து நின்று சாயங்காலம் நாலு மணிக்குத்தான் மெஷினைத் தரையில் பார்த்தோம்.

அடுத்தது கரண்ட். நம் மெஷின் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே 480, 60. டிரான்ஸ்பார்மர் கொண்டுபோயிருந்தோம், ஆனால் அது வோல்டேஜை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் டிரைவில் ஓடுகிற ஸ்பிண்டிலுக்கு (மெஷினின் சுழலும் தண்டு) கவலையில்லை. லைனில் நேரடியாக ஓடும், குளிர்விக்கும் திரவத்தை இறைக்கிற கூலன்ட் பம்ப் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும் என்பதால் அந்த மோட்டாரை ஊரிலேயே மாற்றிவிட்டோம். அவ்வளவு யோசித்தவர்கள், அந்த டிரான்ஸ்பார்மரை லைனில் கொடுக்க எலக்ட்ரீசியன் சங்கத்து ஆள்தான் வரவேண்டும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. அதற்கும் தனிப் பதிவு, தனிக் காத்திருப்பு.

இனி வயிற்றெரிச்சல். பேனல் நிறுத்தவும் போர்டு மாட்டவும் இரண்டு தச்சர்களை மணிக்கணக்கில் வைத்துக்கொண்டோம். ஊர் திரும்பி விதிப் புத்தகத்தைப் புரட்டினால், அந்த அரங்கில் எந்த அளவு ஸ்டாலாக இருந்தாலும் கம்பெனியின் சொந்த ஊழியர்களே பேனல் பூட்டலாம், ஏணி ஏறலாம், டிரில் பிடிக்கலாம், கம்ப்யூட்டரையும் டிவியையும் பிளக்கில் மாட்டலாம் என்று எழுதியிருக்கிறது. தொடக்கூடாததைத் தொட்டு அவமானப்பட்டோம், தாராளமாகச் செய்யக்கூடியதற்குக் காசு கொடுத்தோம்.

ஆனால் பில்லில் பெரிய தொகை இது எதுவுமே இல்லை. 'மெட்டீரியல் ஹேண்ட்லிங்' என்று ஒரு வரி இருக்கும், பழைய ஆட்கள் டிரேயேஜ் என்பார்கள். அரங்கின் பின்வாசலில் லாரியிலிருந்து இறக்கி, ஸ்டாலுக்குக் கொண்டுவந்து, காலிப் பெட்டியை எடுத்துவைத்து, முடிந்ததும் திரும்பக் கொடுத்து, மறுபடி லாரியில் ஏற்றுகிற செலவு. ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் கணக்கு. எங்கள் மெஷின் பெட்டியோடு 4,400 பவுண்டு. ஆக 44 மடங்கு. கடல் தாண்டி வந்த கப்பல் வாடகையைவிட, பின்வாசலிலிருந்து ஸ்டால் வரையிலான அந்தக் கொஞ்ச தூரம் அதிகம் வாங்கியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டி சும்மாவா சொன்னாள்.

எடிசன்வாசி

கணபதி சார், உங்கள் ஃபிட்டர் கொடுத்துவைத்தவர், மரியாதையோடு இறக்கியிருக்கிறார்கள். நான் நியூஜெர்சியில் ஸ்டால் கட்டும் கம்பெனியில் பதினைந்து வருடமாக மேற்பார்வை பார்க்கிறேன். இதைவிடச் சூடான காட்சிகள் நிறைய பார்த்தாயிற்று.

நீங்கள் படித்த அந்தத் தாராளமான விதி சும்மா வந்ததில்லை. 1971 முதல் சிகாகோவில் நடந்துவந்த பிளாஸ்டிக் கண்காட்சி, செலவு தாங்காமல் ஆர்லாண்டோவுக்கு மாறப்போவதாக 2009-ல் அறிவித்தது. மருத்துவத் தகவல்துறை மாநாடு ஒன்றும் லாஸ் வேகாஸுக்கு மூட்டை கட்டியது. நான்கு பெட்டி பெப்சிக்கு 345 டாலர் பில் போட்ட கதை அப்போது பேப்பர்களில் நாறியது. ஊர் பயந்துவிட்டது. 2010 மே மாதம் கவர்னரின் வீட்டோவையும் மீறி இல்லினாய் சட்டமன்றம் ஸ்டால்காரர் உரிமைகளைச் சட்டமாக்கியது. தச்சர் சங்கமும் டீம்ஸ்டர்களும் (லாரி ஓட்டுபவர்கள், சரக்கைக் கையாள்பவர்களின் சங்கம்) கோர்ட்டுக்குப் போனார்கள். தொழிலாளர் உறவு மத்தியச் சட்டத்தின் கீழ் வருவது, மாநிலம் அதில் கைவைக்க முடியாது என்று 2011-ல் தீர்ப்பு. கடைசியில் அதே வருடம் அக்டோபரில் சங்கங்களோடு உட்கார்ந்து பேசித்தான் ஒப்பந்தம் முடிந்தது.

ஒன்று கவனித்தீர்களா? பெப்சியை விற்றது கேட்டரிங், தச்சரோ எலக்ட்ரீசியனோ இல்லை. ஆனால் ஊர் முழுக்கப் பேச்சு "யூனியன்காரன் கொள்ளையடிக்கிறான்" என்றுதான். மணிக்கு நூறு டாலருக்கு மேல் பில் வரும்போது எனக்கும் கண்ணைக் கட்டும். அதில் அந்த ஆளின் சம்பளம் ஒரு பகுதிதான். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, அதற்கு மேல் காண்ட்ராக்டரின் லாபம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. நான் காண்ட்ராக்டர் பக்கம் வேலை செய்கிறவன், எனக்குத் தெரியாதா?

சிகாகோ விதியை மனப்பாடம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போகாதீர்கள். பிலடெல்பியாவில் 2014-க்கு முன் 300 சதுர அடி வரைக்கும்தான் நாமே கட்டலாம், அதிலும் பவர் டூல் கூடாது. அந்த வருடம் அதை 600 சதுர அடியாக்கி, பவர் டூலையும் அனுமதித்துப் புது ஒப்பந்தம் போட்டார்கள். நான்கு சங்கங்கள் கெடுவுக்குள் கையெழுத்துப் போட்டன. தச்சர்களும் டீம்ஸ்டர்களும் போடவில்லை, வாசலுக்கு வெளியே நின்றார்கள். நியூயார்க் ஜாவிட்ஸ் சென்டர் கதையே வேறு. மாஃபியா கை உள்ளே வரைக்கும் போயிருந்தது என்பதால் 1995-ல் பழைய ஏற்பாட்டைக் கலைத்து, ஆட்களை அரங்கமே நேரடியாக வேலைக்கு எடுத்தது.

தூங்குமூஞ்சி டெவலப்பர்

எங்கள் கதை சின்னது. லாஸ் வேகாஸ், சாஃப்ட்வேர் கம்பெனி, பத்துக்குப் பத்து ஸ்டால். காலை எட்டு மணிக்கு இரண்டு ஆள் பதிவு செய்திருந்தோம். சென்னையிலிருந்து வந்த களைப்பில் ஒன்பதே காலுக்கு எழுந்து ஓடினேன். நாம் சர்வீஸ் டெஸ்குக்குப் போய்ப் பெயர் சொல்லி ஆளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டுமாம், அவர்கள் நம்மைத் தேடி வரமாட்டார்கள். வராத குற்றத்துக்கு ஆளுக்கு ஒரு மணி நேரக் கூலி. மறுபடி வரிசையின் வாலில் நின்று, வந்த ஆட்கள் இருபது நிமிடத்தில் முடித்தார்கள். அதற்கும் முழு ஒரு மணி நேரக் கூலி, குறைந்தபட்சம் அதுதான். மேனேஜரிடம் விமானம் தாமதம் என்று சொல்லியிருக்கிறேன், இந்தப் பக்கம் அவர் வராமல் இருக்கட்டும்.

வாளையாறு செக்போஸ்ட்

இதைப் படிக்கப் படிக்க நம் பக்கத்து மாநிலம்தான் நினைவுக்கு வருகிறது. பாலக்காட்டில் குடோன் வைத்திருந்தபோது, சொந்த ஆளை வைத்து இறக்கினாலும் ஓரமாக நின்று பார்த்தவர்களுக்கு நோக்குகூலி கொடுத்தவன் நான். இதுவும் அதேதானே? கோட்டு சூட்டு போட்ட நோக்குகூலி.

எடிசன்வாசி

இல்லை அண்ணா, இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நோக்குகூலி வேலையே செய்யாமல் வாங்குவது. கேரள அரசே 2018 மே 1 அன்று அதை ஒழித்தது. இங்கே வேலை நடக்கிறது, யார் எந்த வேலையைச் செய்வது என்பதற்குத்தான் சண்டை. தலைக்கு மேலே ஒரு டன் போர்டு தொங்கும் இடத்தில், முந்தாநாள் விமானத்தில் வந்து இறங்கியவன் கொக்கி மாட்டினால் நான் அடியில் நிற்கமாட்டேன்.

அபத்தம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் பிளக்கைச் சொருக ஒரு சங்கம், கம்பளம் விரிக்க ஒரு சங்கம், பெட்டியை உடைக்க ஒரு சங்கம் என்று மூன்று பேருக்குக் காத்திருந்தவர்கள் உண்டு.

புளோரிடாவுக்கோ டெக்சாஸுக்கோ போனால் சங்கமே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே இருப்பது 'வேலை செய்யும் உரிமை' சட்டம். சங்கத்தில் சேரவோ சந்தா கட்டவோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதுதான் அதன் பொருள். நீங்கள் போர்க்லிஃப்ட் ஏறலாம் என்று அதில் இல்லை. நெவாடாவும் அப்படிப்பட்ட மாநிலம்தான், ஆனால் லாஸ் வேகாஸ் அரங்குகளில் டீம்ஸ்டர்கள் இல்லாமல் ஒரு பெட்டி நகராது.

கடைசியாக ஒன்று. மே தினமே சிகாகோவில் 1886-ல் எட்டு மணி நேர வேலை கேட்டு நடந்த போராட்டத்தில் பிறந்தது. 1923-ல் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் சிங்காரவேலர். அந்த ஊரில் போய் ராத்திரியோடு ராத்திரியாக வேலை வாங்கப் பார்த்திருக்கிறார் நம் கணபதி சார்!

கரூர் தறி

நான் ஜாவிட்ஸில் இரண்டு முறை ஸ்டால் போட்டவள். திரைச்சீலை, மேசை விரிப்பு. கனம் இல்லாத சரக்கு என்பதால் எனக்கு ரிக்கர், டிரான்ஸ்பார்மர் தலைவலி இல்லை. ஆனால் முதல் தடவை காலிப் பெட்டிகளில் 'எம்ப்டி' ஸ்டிக்கர் ஒட்ட மறந்துவிட்டேன். ஒட்டாத பெட்டி குப்பை என்று அர்த்தமாம். போயே போய்விட்டது. கடைசி நாள் துணிகளை எதில் கட்டுவது என்று முழித்துக்கொண்டு நின்றேன்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. சரக்கு திரும்பிப்போக வேண்டிய தாளை நிரப்பிக் கவுண்டரில் கொடுக்காமல் ஸ்டாலை விட்டுப் போகாதீர்கள். நம் லாரி நேரத்துக்கு வராவிட்டால் அவர்களாகவே வேறு கம்பெனியில் ஏற்றிவிடுவார்கள், அவர்கள் சொல்வதுதான் விலை.

அந்தத் தச்சரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அறுபது வயதிருக்கும். இரண்டு மணி நேரத்துக்குப் பதிவு செய்திருந்தேன். திரைக்கம்பியை மாட்டும் முறையை ஒருதரம் மெதுவாகச் செய்து காட்டி, "மிச்சத்தை நீங்களே செய்யலாம், நான் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினால் உங்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சம்" என்றார். நெகிழ்ந்துபோய், நம் ஊர்ப் பழக்கத்தில் இருபது டாலரை மடித்து நீட்டினேன். மனிதர் சூடுபட்டவர்போல இரண்டடி பின்னால் போனார். யாராவது பார்த்தால் வேலை போய்விடும் என்று கையெடுத்துக் கும்பிடாத குறை. கடைசியில் இரண்டு முறுக்கைத்தான் வாங்கிக்கொண்டார், அதையும் பையில் போட்டுக்கொண்டு போனார்.

கணபதி லேத்

கரூர் அக்கா, அந்த ஸ்டிக்கர் விஷயத்துக்கு நன்றி. எடிசன் சார் சொன்ன மே தினக் குத்தும் வந்து சேர்ந்தது.

இந்த முறை ரிக்கருக்கும் எலக்ட்ரீசியனுக்கும் ஜூன் மாதமே, சலுகைக் கட்டணக் கெடுவுக்குள் பதிவு செய்தாகிவிட்டது. பேனல் வேலைக்கு நம் பையன்கள் இரண்டு பேர். கம்பெனி ஊழியர் என்பதற்குச் சான்று கேட்டால் காட்ட அடையாள அட்டை புதிதாக அடித்திருக்கிறோம். ஃபிட்டர், தானும் வருவதாகவும் போர்க்லிஃப்ட் பக்கமே திரும்பிப் பார்க்கமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். முறுக்குக்கு அவர் வீட்டிலேயே சொல்லிவிட்டேன்.