பொன்னி மேலே வந்து மூச்சு வாங்குகிறாள்

'நம்ம வீடு' குழு

ஞாயிறு

கவிதா, இரவு 7:42
சித்தப்பா, இருக்கிறீர்களா? யாழினியின் தங்கமீனில் ஒன்று மதியம் செத்துவிட்டது. இன்னொன்று, அதுதான் பொன்னி, மேலே வந்து வாயை வாயைத் திறக்கிறது. பிள்ளை சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள்.

பிரபு, 7:44
ஐயோ அக்கா. பிறந்தநாளுக்கு நான் வாங்கித் தந்ததா? மூன்று வாரம்கூட ஆகவில்லையே.

கவிதா, 7:45
அதேதான். காலையில்தான் தொட்டியைக் கழுவினேன். கூழாங்கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் வைத்துத் தேய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினேன்.

அத்தை, 7:47
ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போடு கவிதா. கிருமி போய்விடும்.

பிரபு, 7:48
கடையில் ஒரு நீல மருந்தும் கொடுத்தார்கள். அதை ஊற்றலாமா?

சித்தப்பா, 7:51
அக்கா, மஞ்சள் வேண்டாம். பிரபு, நீல மருந்தும் வேண்டாம். கவிதா, ஊற்றியது போர் தண்ணீரா, மெட்ரோ தண்ணீரா?

கவிதா, 7:51
மெட்ரோ. குழாயிலிருந்து நேராக.

சித்தப்பா, 7:53
அதில் குளோரின் இருக்கும் மா. மீனின் செவுளைச் சுட்டுவிடும். ஆன்டி குளோரின் சொட்டு மருந்து இருக்கிறதா? இருந்தால் பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி இப்போதே விடு. ஏர் பம்ப் ஓடுகிறதா?

கவிதா, 7:58
மருந்து இருந்தது, விட்டுவிட்டேன். பம்ப் சத்தம் போடுகிறது என்று இரவில் நிறுத்திவிடுவோம்.

சித்தப்பா, 8:00
இனி நிறுத்தாதே. நம் சென்னைச் சூட்டில் தண்ணீரில் காற்று குறைவாகத்தான் தங்கும். பம்புக்கு அடியில் பழைய துணியை மடித்து வை, சத்தம் குறையும். இன்றும் நாளையும் தீனி வேண்டாம். யாழினியிடம் சொல், இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் பொன்னிக்கு ஒன்றும் ஆகாது.

கவிதா, 8:03
சரி சித்தப்பா. சுத்தம் செய்ததா தப்பு? எனக்கு அதுதான் புரியவில்லை.

சித்தப்பா, 8:19
உன்மேல் தப்பு இல்லை. நானும் இதையேதான் செய்தேன். ஒரு போகி அன்று வீட்டோடு சேர்த்துத் தொட்டியையும் கழுவிக் கவிழ்த்தேன். பொங்கல் முடிவதற்குள் எட்டு மீன்கள் போய்விட்டன. அன்றைக்குப் படித்ததைச் சொல்கிறேன், கேள்.

மீன் செவுள் வழியாகவும் கழிவிலும் அமோனியா விடும். ஆற்றில் அது ஓடிப்போகும். தொட்டியில் எங்கே போகும்? ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா வளரும். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் உருவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். உன் தொட்டிக்கு மூன்று வாரம்தான். அரைகுறையாக வளர்ந்திருந்ததும் இன்று குழாயடியில் போய்விட்டது. ஸ்பாஞ்சில் இருந்த பழுப்பு வழவழப்பு அழுக்கு இல்லை மா, பொன்னிக்கு அதுதான் உயிர்.

நீல மருந்து வேண்டாம் என்றதும் அதனால்தான். அந்த பாக்டீரியாவையும் அது கெடுக்கும்.

பிரபு, 8:24
சித்தப்பா, கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கலாம் என்றுதான் கடையில் சொன்னார்கள். எட்டு லிட்டர் பிடிக்கும்.

சித்தப்பா, 8:27
எட்டு லிட்டரில் அமோனியா ஒரே நாளில் ஏறிவிடும் பிரபு. பொன்னி ஒராண்டா வகை, தலையில் குல்லா மாதிரி வளரும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக வளரக்கூடியவள், நன்றாக வைத்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருடம் இருப்பாள். இங்கிலாந்தில் டிஷ் என்ற தங்கமீன் 43 வருடம் வாழ்ந்து 1999இல் இறந்தது. ஒரு பொருட்காட்சியில் பரிசாக வந்த மீன் அது.

நாளைக்குச் சோப்பு படாத 50 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று வாங்கு. இப்போதைக்கு அதுவே வீடு.

திங்கள்

கவிதா, காலை 6:10
உயிரோடு இருக்கிறாள்! அடியில் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் மேலே வருவது குறைந்திருக்கிறது.

சித்தப்பா, 6:14
நல்லது. பத்து மணிக்கு வருகிறேன். என் ஃபில்டரிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் போட்டு எடுத்து வருகிறேன். காய்ந்தால் உள்ளே இருப்பது செத்துவிடும். இரண்டு வாளியில் மெட்ரோ தண்ணீர் பிடித்து மூடாமல் வை. சொட்டு மருந்தும் விட்டுவிடு.

அத்தை, 6:30
தம்பி, நம் கிணற்றுத் தொட்டியில் போட்ட மீனெல்லாம் தானாக வளர்ந்ததே?

சித்தப்பா, 6:33
அதில் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் இருந்தது அக்கா. பாசியும் இருந்தது. அமோனியாவைப் பாசியும் எடுத்துக்கொள்ளும்.

கவிதா, பிற்பகல் 1:20
சித்தப்பா வந்து ஸ்பாஞ்சை மாட்டிவிட்டுப் போனார். தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும், புதுத் தண்ணீரும் பழையதும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்று யாழினியையே கை வைத்துப் பார்க்கச் சொன்னார். முதல் தடவையாகப் பிள்ளை சிரித்தாள்.

அடுத்த செவ்வாய்

கவிதா, மாலை 5:35
சித்தப்பா, துடுப்பு ஓரம் கறுப்பாகிறது! நோயா?

சித்தப்பா, 5:41
படம் பார்த்தேன். அமோனியா சுட்ட இடம் ஆறும்போது அப்படிக் கறுக்கும். உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி தெரிந்தால்தான் உடனே சொல். சாப்பிடுகிறாளா?

கவிதா, 5:43
நன்றாக. கையைப் பார்த்தாலே வந்துவிடுகிறாள்.

சித்தப்பா, 5:46
எப்போதும் பசிப்பது போலத்தான் நடிப்பாள், இரங்காதே. தங்கமீனுக்கு வயிறு என்று தனியாக இல்லை, நேராகக் குடல்தான். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, காலையும் மாலையும். குருணைத் தீனியைத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் ஊறவைத்துப் போடு. வாரம் ஒரு நாள் வேகவைத்த பச்சைப் பட்டாணியைத் தோல் உரித்து, நசுக்கிக் கொடு. மலச்சிக்கல் வராது.

பிரபு, 5:52
பொன்னிக்குத் துணை வேண்டும் என்று யாழினி கேட்கிறாள். ஞாயிறு கொளத்தூர் போய் ஒன்று வாங்கி வரட்டுமா?

சித்தப்பா, 5:57
மீன் வாங்காதே, தொட்டி வாங்கு. இரண்டரை அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி. நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும், அதனால் டிவி ஸ்டாண்டில் வைக்காதீர்கள், இரும்பு ஸ்டாண்ட் வேண்டும். ஜன்னல் வெயிலும் படக் கூடாது. பழைய ஸ்பாஞ்ச் அதிலேயே ஓடட்டும். அமோனியா, நைட்ரைட் இரண்டையும் பார்க்கும் டெஸ்ட் கிட்டும் ஒன்று வாங்கி வா. அமோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டட்டும், நானே யாழினியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். புது மீனை மூன்று வாரம் அந்த டப்பில் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பொன்னியிடம் விட வேண்டும்.

கவிதா, 6:05
யாழினி காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணுகிறாள். ஸ்பாஞ்சை எப்போது கழுவுவது என்று தாத்தாவிடம் கேட்கச் சொல்கிறாள்.

சித்தப்பா, 6:07
ஃபில்டரிலிருந்து தண்ணீர் மெதுவாக வர ஆரம்பித்தால். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு தடவை பிழிந்தால் போதும் கண்ணு. குழாயடிக்குக் கொண்டு போகாதே.