புதுப்பிப்பு: ஒரே பிராசஸர், ஆனால் 7-ஸிப் ஸ்கோர் மட்டும் குறைவு (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் கணினியிலும் நண்பருடையதிலும் ஒரே பிராசஸர்; சினிபெஞ்ச் (பிராசஸரின் வேகத்தை அளக்கும் சோதனை) ஸ்கோர் ஏறக்குறைய சமம், 7-ஸிப் (கோப்புகளைச் சுருக்கும் நிரல்) தரும் வேகச் சோதனையான பெஞ்ச்மார்க்கில் மட்டும் நான் வெகுவாகப் பின்தங்கியிருந்தேன் என்று கேட்டிருந்தேன்.

சூடு, பின்னணி நிரல்கள், பவர் பிளான் மூன்றையும் பார்த்தேன். மாற்றமில்லை. ரேம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னவர்தான் சரியாகப் பிடித்தார். இரண்டு ரேமும் அடுத்தடுத்த ஸ்லாட்டில், ஒரே சேனலில் (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான தரவுப் பாதை) இருந்தன. கணினியின் பாக விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் நிரலின் மெமரி பக்கத்திலும் ‘சிங்கிள்’ என்றே காட்டியது. மதர்போர்டு கையேட்டின்படி 2, 4-ஆம் ஸ்லாட்டுகளுக்கு மாற்றியதும் ‘டூயல்’ (இரண்டு சேனல்) ஆனது. 7-ஸிப்பின் சுருக்கும் வேலை மெமரியைப் பெரிதும் நம்பியிருக்கிறது, சினிபெஞ்ச் அப்படியில்லை. அதனால்தான் ஒன்று மட்டும் அடிவாங்கியிருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: மாற்றிய பிறகு முதல் ஓட்டத்தில் ஸ்கோர் கொஞ்சம்தான் ஏறியது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு, தானாக அணைந்து, 3200 வேக ரேம் 2133 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை மறுபடி இயக்கிய அப்புறம், 5 முறை ஓட்டி நடு மதிப்பை எடுத்தேன். இப்போது இரண்டு கணினிக்கும் வித்தியாசம் 2 சதவீதத்துக்குள்.