பங்குக் கோயில் வாழ்க்கையைச் சொல்லும் சிறுவர் கதைகள் யாரிடமாவது உண்டா?

வணக்கம். புதுநன்மைக்கு, அதாவது முதன்முறை நற்கருணை வாங்கத் தயாராகும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். எல்லாருக்கும் எட்டு, ஒன்பது வயது. புனிதர் வரலாறுகள் கைவசம் நிறைய இருக்கின்றன. ஆனால் வாரம் ஒரு வேதசாட்சி (விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்) என்றால் பிள்ளைகள் மிரளுகிறார்கள். (சிலர் ரசிக்கிறார்கள், அது வேறு கவலை.)

எனக்கு வேண்டியது சாதாரணக் கதைகள். தூபக்கலசத்தை வேகமாக ஆட்டிக் தணலைக் கம்பளத்தில் கொட்டிவிட்டு முழிக்கும் பீடச்சிறுவன் (பூசையில் குருவுக்கு உதவும் பையன்). குருவிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் எல்லாம் மறந்துபோகும் சிறுமி. இந்த மாதிரி.

போன வாரம் ஒருவன் கேட்டான்: "பெரிய வியாழன் வானவர் கீதம் முடிந்ததும் மணி ஏன் அடிக்க மாட்டேங்குது?" (ஈஸ்டருக்கு முந்தைய வியாழன் பூசையில் பாடும் பாட்டு அது.) ஈஸ்டருக்கு முந்தைய இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு வரை மணி மௌனம் என்றேன். "அதுவரைக்கும் மணி என்ன பண்ணும்?" என்றான். அதிலேயே ஒரு கதை இருக்கிறது! ஆனால் நான் எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே பிரசங்கம் வந்துவிடுகிறது.

புத்தகம், பழைய பங்கு மலர் எதுவானாலும் சொல்லுங்கள். பீடச்சிறுவராக இருந்தவர்கள் உங்கள் சொதப்பல்களை எழுதினாலும் போதும், பெயரை மாற்றிக்கொள்கிறேன். ஐந்து நிமிடத்தில் வாசித்து முடிக்கிற அளவில் இருந்தால் நல்லது.