வரி வாங்கும் அரசு மக்களுக்குக் கடன்பட்டிருக்கிறதா?

வரிக்குதிரை (கேள்வி):

வணக்கம். அரசு நிதியைப் பற்றிய விவாதங்களில் இரண்டு வாதங்கள் மாறி மாறி வருகின்றன. ஓய்வூதியம், வேலையின்மை உதவித்தொகை, மருத்துவச் செலவு போன்றவை அரசு பெருந்தன்மையோடு தரும் சலுகைகள் என்றும், கஜானா காலியானால் அவற்றை நிறுத்திக்கொள்ளலாம் என்றும் ஒரு தரப்பினர் சொல்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் வரி கட்டியவருக்கு அவை வட்டியும் முதலுமாகத் திரும்பி வர வேண்டிய பணம் என்பது மற்றத் தரப்பினரின் வாதம். எனக்கு இரண்டிலும் நிறைவில்லை. முதல் வாதப்படி குடிமக்கள் கையேந்தி நிற்பவர்களாகிறார்கள். இரண்டாவதன்படி, வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவருக்கு அரசு எதுவும் தர வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது.

கடன் பத்திரம் விற்ற அரசு, முதிர்வு நாளில் பணத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் வருவதில்லை. அதே அரசு தன் மக்களுக்குப் பணமாக எதைத் தரக் கடமைப்பட்டிருக்கிறது? அந்தக் கடமை நீதிமன்றத்தில் நிற்குமா? அறவுரை வேண்டாம், சட்டமும் கணக்கும் என்ன சொல்கின்றன என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தெற்குச்சாளரம்:

கட்டிய பணம் திரும்பி வந்தாக வேண்டும் என்ற வாதம் 1960-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றுவிட்டது. ஃபிளெமிங் எதிர் நெஸ்டர் என்ற வழக்கு அது. 1913-ல் பல்கேரியாவிலிருந்து வந்து குடியேறிய நெஸ்டரும் அவருடைய முதலாளிகளும் 1936 முதல் 1955 வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தவறாமல் பணம் கட்டினார்கள். அவர் மாதம் 55.60 டாலர் ஓய்வூதியம் பெறத் தொடங்கிய சில மாதங்களில், 1930-களில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்தார் என்பதற்காக நாடு கடத்தப்பட்டார், ஓய்வூதியமும் நின்றது. அவர் கட்சியில் இருந்த காலத்தில் அது குற்றமாகக்கூட இருக்கவில்லை. ஆனாலும் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. கட்டிய தொகை அவருடைய சொத்தாக ஆகிவிடவில்லை, சட்டமன்றம் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அப்பட்டமான தான்தோன்றித்தனமாக மாற்றக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு கொடியது என்பது என் கருத்து. ஆனால் கட்டியதும் பெறுவதும் சமமாக இருக்க வேண்டியதில்லை என்ற அடிப்படையில்தான் அத்திட்டம் தொடக்கம் முதலே நடந்து வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1940 ஜனவரியில் அங்கே முதல் மாதாந்திர ஓய்வூதியம் பெற்ற பெண்மணி மொத்தம் கட்டியது 24.75 டாலர், நூறு வயது வரை வாழ்ந்த அவர் பெற்றது 22,888.92 டாலர்.

அதனால் கடமைக்கு வேறு அடிப்படையைத் தேட வேண்டியிருக்கிறது. ஜெர்மானிய அரசியலமைப்பு நீதிமன்றம் 2010 பிப்ரவரி 9 அன்று அளித்த தீர்ப்பில் அது தெளிவாகக் கிடைக்கிறது. மனித மாண்புக்கு ஏற்ற குறைந்தபட்ச வாழ்க்கைக்கான பொருளுதவி என்பது அடிப்படை உரிமை, ஒருவர் எவ்வளவு வரி கட்டினார் என்பதோடு அதற்குத் தொடர்பில்லை என்று அந்த நீதிமன்றம் வகுத்தது. ஆனால் இத்தனை யூரோ கொடு என்று அது ஆணையிடவில்லை. தொகையை எப்படிக் கணக்கிட்டாய் என்று அரசைக் கேட்டது. உதவித்தொகையாகப் பெரியவருக்கு மாதம் 345 யூரோ, 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதில் 60 விழுக்காடு, அதாவது 207 யூரோ என்று வைத்திருந்தார்கள். குழந்தைக்கு உண்மையில் என்ன தேவை என்று எவரும் ஆராய்ந்திருக்கவில்லை. பெரியவரின் தொகையிலும், மக்களில் மிகக் குறைந்த வருமானமுள்ள பிரிவினரின் செலவுப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து உரோம ஆடை, அளவெடுத்துத் தைத்த உடை, இயந்திரமற்ற விமானம் ஆகியவற்றுக்கென ஒரு பங்கைக் கழித்திருந்தார்கள். அந்த ஏழைகள் இவற்றுக்குச் செலவு செய்கிறார்களா என்று சரிபார்க்கவே இல்லை. ஆதாரமில்லாமல் குத்துமதிப்பாகக் கழித்தது செல்லாது என்று கூறி, அந்த ஆண்டு இறுதிக்குள் புதிய கணக்கோடு வரும்படி நீதிமன்றம் கெடு விதித்தது.

என்னைக் கேட்டால், அரசு மக்களுக்குப் பட்டிருக்கும் முதல் கடன் கணக்குக் காட்டுவதுதான். தொகை அதிலிருந்துதான் பிறக்கிறது.

குறுக்குக்கேள்வி:

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பணமே இல்லாதபோது உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான 1966-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையே, ஓர் அரசு தன்னிடமுள்ள வளங்களின் உச்ச அளவுக்குப் படிப்படியாக நிறைவேற்ற வேண்டும் என்றுதானே சொல்கிறது? 1997-ல் தென்னாப்பிரிக்காவில், சிறுநீரகம் செயலிழந்த 41 வயது நோயாளி ஒருவர் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் வேண்டுமென்று வழக்குத் தொடர்ந்தார். அங்கே இருந்தவை 20 இயந்திரங்கள். காத்திருந்தவர்களோ அவற்றால் கவனிக்க முடிந்ததைவிட மிக அதிகம். இருக்கும் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதை நிர்வாகம் நேர்மையாக முடிவு செய்திருக்கும்போது தாங்கள் தலையிட முடியாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. ஒருவருக்கு ஆணையிட்டால் அடுத்தவருடைய இடத்தைப் பிடுங்குவதாகத்தான் ஆகும். கடன் பத்திரம் வைத்திருப்பவரை எவரும் இப்படிப் படிப்படியாகப் பெற்றுக்கொள்ளச் சொல்வதில்லை. ஆகவே இதைக் கடன் என்றே அழைக்கக் கூடாது என்பேன்.

தெற்குச்சாளரம்:

அதே நீதிமன்றம் மூன்றாண்டுகள் கழித்து, 2000-ல், குரூட்பூம் வழக்கில் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள். அரசின் வீட்டு வசதித் திட்டம் நீண்டகால நோக்கில் நன்றாகவே இருந்தது. ஆனால் இன்றிரவு தலைக்கு மேல் கூரையில்லாதவர்களுக்கு அதில் ஓர் ஏற்பாடும் இல்லை. அந்தக் காரணத்துக்காகவே அது நியாயமான திட்டம் அல்ல என்று தீர்ப்பானது. வளம் குறைவு என்பது தொகையைக் குறைக்கக் காரணமாகலாமே தவிர, மிகவும் நலிந்தவர்களைத் திட்டத்திலிருந்தே விட்டுவிடக் காரணமாகாது.

பேரேடு:

கணக்கெழுதுவது என் தொழில் என்பதால், கேள்வியின் அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். சர்வதேசப் பொதுத்துறைக் கணக்கியல் தரங்களில் 42-ஆவது, 2019 ஜனவரியில் வெளியானது, சமூகப் பலன்களைப் பற்றியது, அதாவது பொதுமக்களுக்கான ஓய்வூதியம், உதவித்தொகை போன்றவற்றை அரசு எப்படிக் கணக்கில் எழுத வேண்டும் என்பது. அதன்படி, அடுத்த தவணையைப் பெறுவதற்கான தகுதிகள் அனைத்தையும் ஒருவர் நிறைவு செய்துவிட்ட பிறகு, அந்தத் தவணை மட்டுமே அரசின் பொறுப்பாக, அதாவது கொடுத்தாக வேண்டிய கடனாகப் பதிவாகும். அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு இன்னும் இருபது ஆண்டுகள் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தாலும், சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் ஏறுவது அடுத்த மாதத் தொகைதான். அரசு ஊழியரின் ஓய்வூதியமோ 39-ஆவது தரத்தின் கீழ் வருகிறது. அவர் வேலை செய்யச் செய்யவே அது முழுப் பொறுப்பாகப் பதிவாகிக்கொண்டிருக்கும். ஒரே தெருவில் வசிக்கும் இரண்டு முதியவர்களில் ஒருவருக்குத் தர வேண்டியது கடன், மற்றவருக்குத் தர வேண்டியது வெறும் எதிர்காலச் செலவு.

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. நாளை வசூலிக்கப்போகும் வரியை அரசு இன்றே சொத்தாக எழுதிக்கொள்வதில்லை. அதைக் கொண்டுதான் அந்த ஓய்வூதியமும் வழங்கப்படும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் ஏறத்தாழ எல்லா நாடும் திவாலாகத் தோன்றும். ஆனால் நெருக்கடி வரும்போது ஏட்டில் ஏறாதவர்தான் முதலில் வெட்டுப்படுகிறார் என்பதை நண்பர் குறுக்குக்கேள்வி கவனிக்க வேண்டும்.

இரண்டு நாடுகள் இதற்கு எதிரெதிரான விடைகளைத் தந்திருக்கின்றன. ஸ்பெயின் 2011 செப்டம்பரில் தன் அரசியலமைப்பின் 135-ஆம் பிரிவைத் திருத்தி, பொதுக்கடனின் வட்டிக்கும் முதலுக்கும் முழு முன்னுரிமை தந்தது. லாட்வியா 2009-ல், வெளிக்கடன் வாங்கிய நிலையில், ஓய்வூதியங்களில் 10 விழுக்காட்டையும், வேலையிலிருக்கும் ஓய்வூதியர்களுக்கு 70 விழுக்காட்டையும் வெட்டியது. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் வெட்டு செல்லாது என்று கூறி, பிடித்த பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது. கடன் கொடுத்தவர்களின் நிபந்தனை ஓய்வூதியரின் உரிமையைப் பறிக்கப் போதுமான காரணம் அல்ல, மாற்று வழிகளை நாடாளுமன்றம் உருப்படியாக ஆராயவும் இல்லை என்பவை அது காட்டிய காரணங்கள். அதே சட்டம் தொடக்கத்திலேயே மாற்று வழிகளை ஆராய்ந்து, வெட்டியதை எப்போது திருப்பித் தருவோம் என்றும் எழுதியிருந்தால், ஒருவேளை தப்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

வரிக்குதிரை:

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. அமெரிக்க மாநிலமான அலாஸ்காவில் எண்ணெய் வருவாய் நிதியிலிருந்து 1982 முதல் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் பங்குத்தொகை தருகிறார்கள். அது எவ்வளவு என்பதற்கான சூத்திரமே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதையாவது உறுதியான கடன் என்று சொல்லலாமா?

பேரேடு:

சொல்ல முடியாது. 2016-ல் ஆளுநர் அந்த ஒதுக்கீட்டில் ஏறத்தாழ பாதியைத் தன் வீட்டோ அதிகாரத்தால் நீக்கியதால், சூத்திரப்படி இரண்டாயிரம் டாலருக்கு மேல் வந்திருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொருவருக்கும் 1,022 டாலரே கிடைத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சூத்திரம் சட்டத்தில் இருந்தாலும், பங்குத்தொகையும் மற்ற எல்லாத் திட்டங்களையும்போல ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் ஒதுக்கீட்டுக்கும் ஆளுநரின் வீட்டோவுக்கும் உட்பட்டதே என்று 2017 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. நிதியின் அசலைத் தொடுவதற்குத்தான் அங்கே அரசியலமைப்பின் தடை இருக்கிறது. மக்களுக்குத் தரும் பங்குக்கு அப்படிப்பட்ட காப்பு எதுவும் எழுதப்படவில்லை.