வாவா சட்டத்தைப் புதுப்பிக்கச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் அலுவலகம் போகிறோம். எதைக் கேட்பது?

எடிசன்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். எங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்தில் அடுத்த மாதம் எங்கள் நாலு பேருக்குப் பதினைந்து நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்கள். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான சட்டம், எல்லோரும் வாவா என்று சொல்வது, அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். 1994-ல் வந்த சட்டம். 2000, 2005, 2013, 2022 என்று நாலு முறை புதுப்பித்திருக்கிறார்கள். இப்போதைய கெடு 2027 நிதியாண்டோடு, அதாவது 2027 செப்டம்பர் 30-ல் முடிகிறது. போன தடவை 2019 பிப்ரவரியில் கெடு தாண்டிப் போனதைத் திரும்பப் புதுப்பிக்க மூணு வருஷம் ஆனது. அதனால்தான் இப்பவே கதவைத் தட்டுகிறோம்.

நான் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் மனைவியாக வந்தவள். என் பாஸ்போர்ட் கணவருடைய ஆபீஸ் பையில்தான் இருக்கும். "போலீஸைக் கூப்பிட்டா உன்னைத்தான் பிளேன் ஏத்துவாங்க" என்பார். நம்பினேன். ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் பாஸ்போர்ட் எண்ணையும், நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94 எண்ணையும் துவரம்பருப்பு டப்பா மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்தேன். 2018-ல் வீட்டை விட்டு வந்தபோது துணிப்பையில் அந்த மூடியும் இருந்தது. காப்பகத்தில் கிடைத்த இலவச வக்கீல் அந்த எண்களை வைத்துத்தான் ஐ-765வி விண்ணப்பத்தைப் போட்டார். அடி வாங்கிய எச்-4 மனைவிக்கு வேலை அனுமதி தரும் விண்ணப்பம் அது. 2005-ல் வாவாவைப் புதுப்பித்தபோது சட்டத்தில் சேர்த்தார்கள், ஆனால் படிவமும் நடைமுறையும் வந்தது 2017-ல்தான். பன்னிரண்டு வருஷம்!

அதுவும் வேலை அனுமதி மட்டும்தான். விவாகரத்து ஆன அன்றே எச்-4 போய்விடும். கணவர் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருந்தால் அடி வாங்கிய மனைவி கணவர் தயவில்லாமல் தானே ஐ-360 என்ற விண்ணப்பம் போட்டு கிரீன் கார்டுக்குப் போகலாம். எச்-1பிக்காரர் மனைவிக்கு அந்த வழி கிடையாது. குற்றத்தால் பாதிக்கப்பட்டு போலீசுக்கு உதவுகிறவர்களுக்கான யூ விசா கேட்கலாம், ஆனால் வருஷத்துக்குப் பத்தாயிரம்தான். நான் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

பதினைந்து நிமிஷத்தில் எதை அழுத்திக் கேட்பது? எச்-4 பெண்களையும் சேருங்கள் என்றா, கெடுவுக்குள் புதுப்பியுங்கள் என்றா? நான் குடிமகள் இல்லை. என் பேச்சைக் கேட்பார்களா?

சட்ட உதவி மையத்தில் வேலை பார்ப்பவள்:
ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்து யாரும் பயந்துவிடக் கூடாது. ஐ-360 வழி குடியேற்றச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, கெடு தாண்டினாலும் அது செத்துப்போகாது. 2019-ல் செய்தி பார்த்துவிட்டு "இனிமே அப்ளை பண்ண முடியாதாமே" என்று எங்களுக்குப் போன் செய்த பெண்கள் உண்டு. முடியும், அப்போதும் முடிந்தது. கெடு என்பது மானியத் திட்டங்களுக்கு. காப்பகம், இலவச வக்கீல், போலீஸ் பயிற்சி எல்லாம் அதில்தான் வருகிறது. கெடு தாண்டிய அந்த மூணு வருஷமும் பட்ஜெட்டில் பணம் வந்தது, ஆனால் அடுத்த வருஷம் ஆளை வைத்துக்கொள்ள முடியுமா என்று தெரியாமலே ஓட்டினோம். உங்கள் மூடியைப் பார்த்து விண்ணப்பம் போட்ட வக்கீலுக்கும் இப்படி ஏதோ ஒரு மானியத்திலிருந்துதான் சம்பளம் போயிருக்கும். ஆகவே முதல் கோரிக்கை கெடுவுக்குள் புதுப்பிப்பது. எச்-4 அதே மசோதாவில் இரண்டாவது கோரிக்கை. இரண்டையும் போட்டியாக வைக்காதீர்கள், தங்கச்சி.

மொழிபெயர்ப்பாளர்:
கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பு செய்கிறேன். ஒரு வழக்கில் போலீஸ் வீட்டுக்கு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் ஓடவில்லை. மொழிபெயர்த்தது யார் தெரியுமா, புருஷன்! அவள் "கழுத்தைப் பிடிச்சு நெரிச்சாரு" என்றிருக்கிறாள். அறிக்கையில் இருந்தது "வாக்குவாதம்". ஆறு மாசம் கழித்து கோர்ட்டில் அவள் மறுபடி சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று. அவள் என்னைப் பார்த்தாள். நான் என் வாயால் எதுவும் சேர்க்க முடியாது, அதுதான் என் தொழில் விதி. போலீஸ் வீட்டு வாசலிலேயே போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்க வேண்டும், அதற்குப் பயிற்சியும் பணமும் வேண்டும். தயவுசெய்து இதையும் சொல்லுங்கள்.

டல்லாஸ் அண்ணன்:
போன வருஷம் வேறு விஷயமாக இப்படிப் போயிருக்கிறேன். உறுப்பினர் இருக்க மாட்டார், உதவியாளர்தான் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். முதலில் ஜிப் கோடு கேட்பார்கள். குடியுரிமை யாரும் கேட்கவில்லை, தொகுதியில் குடியிருந்தால் நீங்களும் அவர்கள் ஆள்தான். மூடிக் கதையை முதல் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுங்கள், கோரிக்கையை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். செனட்டர்களையும் விடாதீர்கள், அங்கே மசோதா நகர பெரும்பாலும் நூறில் அறுபது ஓட்டு வேண்டும். 2022 மசோதாவை ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் டர்பினும் ஃபைன்ஸ்டைனும் ஒரு பக்கம், குடியரசுக் கட்சி செனட்டர்கள் எர்ன்ஸ்டும் மர்கவ்ஸ்கியும் மறுபக்கம் என்று இரண்டு கட்சியும் சேர்ந்துதான் கொண்டுவந்தார்கள். நேரில் போக முடியாதவர்கள் 202-224-3121-க்குப் போன் போட்டால் உங்கள் உறுப்பினர் அலுவலகத்துக்கு இணைப்பார்கள்.

எடிசன்வாசி:
நன்றி அக்கா, அண்ணா. கெடுவுக்குள் புதுப்பிப்பது முதலில், எச்-4 அதற்கடுத்து, வாசலில் மொழிபெயர்ப்பாளர் மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஒரு பக்கத்தை எழுதி இங்கே போடுகிறேன். மொழிபெயர்ப்பாளர் அக்கா, கழுத்து நெரித்த சம்பவத்தைப் பெயர், ஊர் இல்லாமல் சேர்க்கலாமா?

இதை ஒளிந்து படித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது, அமெரிக்காவின் குடும்ப வன்முறை உதவி எண்: 1-800-799-7233. எந்த நேரமும் எடுப்பார்கள், ஆங்கிலம் வராவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுவார்கள். பேசிவிட்டு போனில் அந்த எண்ணை அழித்துவிடுங்கள்.