அவசரம்: லினக்ஸ் போட்டதுல இருந்து தமிழ் டைப் ஆகல, பழைய ஃபைலும் கிறுக்கலா வருது

தட்டச்சு_கடை · காலை 10:40
வணக்கம். கடையில ரெண்டு சிஸ்டம். விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்னுடுச்சு, 11 ஏறாதுன்னு சொல்லிட்டாங்க. நேத்து நைட்டு ரெண்டுலயும் லினக்ஸ் போட்டாச்சு. இப்ப தமிழ் டைப் ஆகல. பழைய ஃபைல் திறந்தா எல்லாம் இங்கிலீஷ் கிறுக்கல். கஸ்டமர் நிக்கிறாங்க. சீக்கிரம் சொல்லுங்க.

மதிய_டீ · 10:46
எந்த லினக்ஸ், எந்த பதிப்பு? டைப் ஆகலன்னா ஒண்ணுமே வரலயா, தப்பா வருதா? எந்த விசைப்பலகை முறை, தமிழ்99-ஆ, டைப்ரைட்டரா, ஃபொனெட்டிக்கா? பழைய ஃபைல் எந்த ஃபாண்ட்ல அடிச்சது?

பச்சை_ஓணான் · 10:49
வேலண்டா இருக்கும் (லினக்ஸ்ல திரையைக் காட்டுற புது முறை, பழசு எக்ஸ்11). தமிழ் உள்ளீடு அதுல எப்பவும் தகராறு. லாகின் திரையில எக்ஸ்11 தேர்ந்தெடுத்து உள்ள போங்க.

முனையம் · 10:55
இந்தக் கேள்விக்கு மேலே ஒட்டி வைத்த இழையிலேயே பதில் இருக்கிறது. படிக்க மாட்டீர்கள். “லினக்ஸ் போட்டாச்சு” என்பது “வண்டி வாங்கியாச்சு” என்பது மாதிரி. சைக்கிளா லாரியா என்று நாங்கள் ஜோசியம் பார்க்க வேண்டும். டெர்மினலைத் திறந்து நாலு வரி ஒட்டத் தெரியாதவர்கள் கடைக் கணினியில் ஒரே ராத்திரியில் இதைச் செய்யக் கூடாது.

தட்டச்சு_கடை · 11:02
லினக்ஸ் மின்ட் 22.2, சினமன் டெஸ்க்டாப். லிப்ரே ஆபீஸ் ரைட்டர். தமிழ்99. கீபோர்டு செட்டிங்ஸ்ல ‘தமிழ், தமிழ்நெட் 99’ சேர்த்தேன். எழுத்து வருது, ஆனா சேரல. அம்மான்னு அடிச்சா அமமஆ-ன்னு வருது. பழைய ஃபைல் பாமினி, கொஞ்சம் வானவில்.

சேலம்_ஃபெடோரா · 11:05
கேடிஈ டெஸ்க்டாப்போட ஃபெடோரா போட்டிருந்தா இந்தத் தலைவலியே இல்ல.

ஒற்றெழுத்து · 11:14
அமமஆ என்று சொன்னீர்களே, அதுவே போதும். வேலண்டும் இல்லை, ஃபெடோராவும் தேவையில்லை. மின்ட்டின் சினமன் தானாகவே எக்ஸ்11-இல்தான் ஓடும்.

நீங்கள் சேர்த்தது வெறும் விசை அமைப்பு. ஒரு விசையைத் தட்டினால் ஓர் எழுத்து, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். தமிழ்99-க்கு அது போதாது. ஆங்கில விசைகளில் ஏ, கே, கே, க்யூ (A, K, K, Q) என்று தட்டும்போது முதல் ‘ம’வுக்குப் புள்ளி தானாக விழ வேண்டும், மெய்க்குப் பின்னால் வந்த ‘ஆ’ காலாக மாற வேண்டும். முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்க ஒரு உள்ளீட்டு நிரல் வேண்டும். விண்டோஸில் அந்த வேலையை என்எச்எம் ரைட்டரோ அழகியோ பின்னணியில் செய்துகொண்டிருந்தது. இங்கே ஐபஸ் செய்யும்.

இப்படிச் செய்யுங்கள்:

1. கீபோர்டு செட்டிங்ஸில் சேர்த்த தமிழை நீக்குங்கள். ஆங்கிலம் (யுஎஸ்) மட்டும் இருக்கட்டும். இதை விட்டுவிட்டால் ரெண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இன்னும் விசித்திரமாக வரும்.
2. சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘ஐபஸ் எம்17என்’ (ibus-m17n) என்ற தொகுப்பைத் தேடி நிறுவுங்கள்.
3. மெனுவில் ‘இன்புட் மெத்தட்’ திறந்து, ஃப்ரேம்வொர்க் என்ற இடத்தில் ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். இதைச் செய்யாமல் “வரல” என்று எழுதாதீர்கள்.
4. ஐபஸ் ப்ரிஃபரன்ஸஸ், இன்புட் மெத்தட் தாவல், ‘ஆட்’, தமிழ். அங்கே தமிழ்99 (எம்17என்) இருக்கும்.

சோதிக்க: ஹெச், எஸ் (H, S) தட்டினால் ‘கி’ வர வேண்டும். ஏ, கே, கே, க்யூ தட்டினால் ‘அம்மா’.

பழைய ஃபைல் வேறு கதை, அடுத்து எழுதுகிறேன். விண்டோஸை முழுவதும் அழித்துவிட்டீர்களா? ஃபாண்ட் பிரதி வைத்திருக்கிறீர்களா?

மதிய_டீ · 11:17
லிப்ரே ஆபீஸை ஃபிளாட்பேக்கா (தனிப் பெட்டிக்குள்ள ஓடுற தொகுப்பு) போட்டிருந்தா அங்கேயும் சில நேரம் ஐபஸ் ஒட்டாது. ஹெல்ப், அபவுட் திறந்து பாருங்க, ‘யூசர் இன்டர்ஃபேஸ்’ங்கிற வரியில ஜிடிகே3-ன்னு இருக்கணும். மின்ட்டோட கூடவே வர்றதுன்னா பிரச்சினை இல்ல.

தட்டச்சு_கடை · 11:20
சி டிரைவ் அழிச்சாச்சு. ஃபாண்ட் பென் டிரைவ்ல இருக்கு. ட்ரை பண்றேன்.

ஒற்றெழுத்து · 11:41
பிழைத்தீர்கள். சி டிரைவோடு ஃபாண்டையும் சேர்த்து அழித்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம்.

பாமினி ஃபைலில் இருப்பது கணினியைப் பொறுத்தவரை தமிழே இல்லை. ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்த சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ, செமிகோலன் (jkpo;). பாமினி என்ற ஃபாண்ட் அந்த ஜே-வின் இடத்தில் ‘த’வின் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறது. ஃபாண்ட் இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. ஃபைல் கெடவில்லை, பயப்படாதீர்கள். விண்டோஸ் 11 ஏறியிருந்தாலும் ஃபாண்ட் போடாமல் திறந்தால் இதே கிறுக்கல்தான்.

ஃபாண்ட் ஃபைலை இரட்டைச் சொடுக்கு செய்து ‘இன்ஸ்டால்’ அழுத்துங்கள். ரைட்டரை மூடித் திறங்கள். கிறுக்கலின் மேல் கர்சரை வைத்தால் மேலே ஃபாண்ட் பெயர் தெரியும். பெயர் சாய்வெழுத்தில் இருந்தால் அந்த ஃபாண்ட் இன்னும் இந்தக் கணினியில் இல்லை என்று பொருள். எது பாமினி, எது வானவில் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். கண்ணால் பார்த்தும் ஓரளவு சொல்லலாம்: பாமினி கிறுக்கல் ஏறக்குறைய வெறும் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும். வானவில்லில் தலையில் ரெண்டு புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் கலந்து கிடக்கும்.

ஒரு பொறி இருக்கிறது. திறந்து பிரிண்ட் எடுக்கும்வரை ஒன்றும் ஆகாது. பாமினியில் திருத்த ஆரம்பித்தால், வாக்கியத்தின் முதல் எழுத்தை ரைட்டர் தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. தமிழ் துமிழ் ஆகிவிடும். சின்ன கே ‘ம’, பெரிய கே ‘மு’. மனு கேட்டவருக்கு முனு போய்ச் சேரும். டூல்ஸ், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸில், ‘வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கு’, ‘முதல் ரெண்டு பெரிய எழுத்தைத் திருத்து’ என்ற பொருள்படும் ரெண்டு டிக்கையும் எடுத்துவிடுங்கள். பழைய வேர்டிலும் இந்தத் தொல்லை உண்டு. உங்கள் கடையில் யாரோ எப்போதோ அணைத்து வைத்திருப்பார்கள், அதனால் தெரிந்திருக்காது.

பழைய_ஜன்னல் · 11:58
இதைத்தான் நான் வருஷக்கணக்கா சொல்றேன். மனு அடிச்சுக் கொடுக்கிற கடைக்காரர் ஐபஸ், எம்17என் எல்லாம் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்? சாதாரண ஜனங்க கணினியில ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் பாக்கலாம், மாத்தலாம்ங்கிற மென்பொருள்) ஜெயிக்கவே ஜெயிக்காது. மியூனிக் நகராட்சியே ஏறக்குறைய 15,000 கணினியை லினக்ஸுக்கு மாத்தி, 2013-ல முடிச்சாச்சுன்னு அறிவிச்சு, 2017-ல திரும்பவும் விண்டோஸுக்கே போறோம்னு தீர்மானம் போட்டாங்க.

சேலம்_ஃபெடோரா · 12:04
அந்த ஜெர்மனியிலேயே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-ல சுமார் 30,000 அரசுக் கணினிக்கு லிப்ரே ஆபீஸ்னு முடிவெடுத்துச்சு. அதை ஏன் விட்டீங்க? பக்கத்துல கேரளாவுல அரசுப் பள்ளிப் பிள்ளைங்க படிக்கிறதே லினக்ஸ்லதான்.

பழைய_ஜன்னல் · 12:09
நம்ம ஊரு இலவச மடிக்கணினி பாஸ் லினக்ஸும் (இந்திய அரசு நிறுவனம் செஞ்ச லினக்ஸ்) விண்டோஸும் ரெண்டும் போட்டுத்தான் வந்துச்சு. எத்தனை பேர் பாஸ் பக்கம் போனாங்க? கையில கொடுத்தே ஓடலயே.

முனையம் · 12:15
போகாதது மக்களின் குறை. கற்றுக்கொள்ள விருப்பம் இல்லாதவனுக்கு எந்த மென்பொருளும் உதவாது.

மதிய_டீ · 12:21
முனையம் அண்ணா, நீங்க காலையில இருந்து ஒரு பதில்கூட சொல்லல. அவர் செய்ததுல என்ன தப்பு? செட்டிங்ஸ்ல ‘தமிழ்நெட் 99’னு பட்டியல்ல போட்டிருக்கான், தமிழ்99 தெரிஞ்சவர் அதைத்தான் அழுத்துவார். அழுத்தினா அரைகுறையா வேலை செய்யுது. ஒண்ணுமே வராம இருந்தாக்கூட வேற வழி தேடுவாங்க. எழுத்து வருது, சேரலன்னா “லினக்ஸ்ல தமிழ் உடைஞ்சிருக்கு”ன்னுதான் நினைப்பாங்க. அந்தப் பட்டியல்லயே ‘முழுத் தமிழ்99-க்கு ஐபஸ் போடுங்க’ன்னு ஒரு வரி இருந்தா இந்த இழையே வந்திருக்காது.

பழைய ஜன்னல் அண்ணாவுக்கும் ஒண்ணு. விண்டோஸ் வச்சிருக்கிற கடையில போய்ப் பாருங்க. படம் ஓட்ட விஎல்சி, ஃபைல் சுருக்க 7-ஜிப், சில இடத்துல ஃபயர்ஃபாக்ஸ். ஓப்பன் சோர்ஸ்னு தெரியாமலேதான் போட்டிருக்காங்க. இறக்கினாங்க, ஓடுச்சு, விட்டுட்டாங்க. தோக்குறது இயங்குதளத்தை மாத்தும்போதுதான், அதுவும் விசைப்பலகையிலயும் பிரிண்டர்லயும் பழைய ஃபைல்லயும்.

பழைய_ஜன்னல் · 12:26
கடையில வேற என்ன இருக்கு? அதைத்தானே நானும் சொல்றேன்.

பச்சை_ஓணான் · 12:30
வேலண்ட்ல ஓடுதான்னு ஒருவாட்டி பாத்துட்டா நல்லது.

ஒற்றெழுத்து · 12:52
சண்டையை வேறு இழைக்கு எடுத்துப் போங்கள். கடைக்காரருக்கு இன்னும் ரெண்டு விஷயம்.

புதிதாக அடிப்பதையெல்லாம் யூனிகோடில் (தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீடு, ஐபஸ் தருவது அதுதான்) அடியுங்கள். லிப்ரே ஆபீஸ் தமிழை ஆங்கிலத்திலிருந்து பிரித்துத் தனிக் கணக்கில் வைக்கும். டூல்ஸ், ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’டை டிக் செய்து, தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதே ஆப்ஷன்ஸில் ரைட்டரின் கீழ் ‘பேசிக் ஃபாண்ட்ஸ் (சிடிஎல்)’ என்று ஒரு பக்கம் இருக்கும். அங்கே நோட்டோ சான்ஸ் தமிழ், அளவு 11 அல்லது 12 வைத்துவிடுங்கள். அங்கே வைக்காமல் ஆங்கிலப் பக்கத்தில் மட்டும் அளவை மாற்றிவிட்டு “தமிழ் எழுத்து பெரிசாகவே மாட்டேங்குது” என்று வருபவர்கள் நிறைய.

விண்டோஸில் லதா ஃபாண்டில் அடித்த ஃபைல் இங்கே நோட்டோவில் திறக்கும். ரெண்டுக்கும் அகலம் வேறு, அதனால் வரியும் பக்கமும் இடம் மாறலாம். படிவ வேலைக்கு இது உதவாது. பிரிண்டுக்கு மட்டும் போவதை பிடிஎஃப்பாக மாற்றிக் கொடுங்கள், ஃபாண்ட் உள்ளேயே ஏறிக்கொள்ளும். வாடிக்கையாளர் திருத்த வேண்டிய ஃபைல் என்றால் ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபாண்ட் தாவலில் ‘எம்பெட்’ டிக் செய்து சேமியுங்கள்.

பாமினியை யூனிகோடாக மாற்ற: முழு ஃபைலையும் மாற்றியில் (கன்வெர்ட்டரில்) கொட்டாதீர்கள். நடுவில் இருக்கும் ஆங்கிலப் பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாம் தமிழ்க் கிறுக்கலாகிவிடும். மாற்றிக்கு எது உண்மையான ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது, ரெண்டும் ஒரே எழுத்துதான். கண்ட்ரோல்+ஹெச் அழுத்தி, ரெகுலர் எக்ஸ்பிரஷன் டிக் செய்து, தேடும் பெட்டியில் ஒரு புள்ளியும் ஒரு கூட்டல் குறியும் போட்டு, ‘ஃபார்மட்’டில் பாமினி ஃபாண்டைத் தேர்ந்தெடுத்து ‘ஃபைண்ட் ஆல்’. பாமினிப் பகுதி மட்டும் தேர்வாகும். எதெல்லாம் மாற்ற வேண்டும் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். பத்தி பத்தியாக எடுத்து மாற்றுங்கள். நூற்றுக்கணக்கில் ஃபைல் இருந்தால் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் (ஒரு நிரல் மொழி) நூலகத்தில் பாமினிக்கான கன்வெர்ட்டர் இருக்கிறது. பைத்தான் தெரிந்த ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். வானவில்லின் எழுத்து வரிசை வேறு, பாமினி மாற்றியில் போட்டால் பாதி சரியாக வந்து ஏமாற்றும்.

தட்டச்சு_கடை · பிற்பகல் 1:35
அம்மா வந்துடுச்சு. கர்சர் வச்சா பேர் சாய்வா இருந்துச்சு, ஃபாண்ட் போட்டதும் நேரா ஆயிடுச்சு. நன்றி அண்ணா. கடையில இன்னொருத்தர் டைப்ரைட்டர் முறையில அடிப்பார், அதுக்கு?

ஒற்றெழுத்து · 1:48
அதே பட்டியலில் டைப்ரைட்டரும் இருக்கிறது. ரெண்டையும் சேர்த்து வைக்கலாம். பழைய இயந்திரத்தில் பழகியவருக்கு ஓரிரு விசை இடம் மாறியிருக்கலாம். அரைமணி நேரம் சும்மா அடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு வாடிக்கையாளர் வேலையைக் கொடுங்கள்.

சேலம்_ஃபெடோரா · 1:55
பேஜ்மேக்கர் ஃபைல் ஏதும் இருக்கா? கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம்? லிப்ரே ஆபீஸ் டிரா 4.4 பதிப்புல இருந்தே பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும். பாக்கலாம், பிடிஎஃப் எடுக்கலாம். திரும்ப பேஜ்மேக்கராவே சேமிக்க முடியாது.

மதிய_டீ · 2:10
பிரிண்டர் என்ன மாடல்? அதையும் இப்பவே சொல்லிடுங்க. பழைய மலிவு லேசர் சிலதுல பக்கத்தை வரையுற வேலையே விண்டோஸ் டிரைவரோடது, பிரிண்டருக்கு சொந்தமா ஒண்ணும் தெரியாது. அந்த வகைன்னா டிரைவர் கிடைச்சாலும் 32-பிட்டா இருந்து மல்லுக்கட்டணும். யுஎஸ்பி செருகினதும் தானா பட்டியல்ல வந்துச்சா?

மதிய_டீ · மறுநாள் காலை 9:30
அண்ணா, பிரிண்டர்?

தட்டச்சு_கடை · 3 நாள் கழித்து
ஒரு சிஸ்டம் லினக்ஸ் ஓடுது. இன்னொண்ணுல பத்திரிகை வேலைக்காக விண்டோஸ் திரும்பப் போட்டாச்சு, நெட் கொடுக்கல. நன்றி.

பழைய_ஜன்னல் · 3 நாள் கழித்து
பாத்தீங்களா.

சேலம்_ஃபெடோரா · 3 நாள் கழித்து
பாத்தோம். ஒண்ணு ஓடுதே.

வடக்கு_வாசல் · 2 வாரம் கழித்து
வணக்கம். நான் யாழ்ப்பாணம். எனக்கும் உந்தப் பிரச்சினைதான், ஆனால் தமிழ்99 பழக்கமில்லை, ரெங்கநாதன் விசைப்பலகையிலதான் அடிக்கிறனான். அதுக்கும் இதே முறையில செய்யலாமோ?

ஒற்றெழுத்து · 2 வாரம் கழித்து
செய்யலாம். படிகள் 1 முதல் 4 வரை அப்படியே. கடைசிப் பட்டியலில் தமிழ்99-க்குப் பதில் ரெங்கநாதன் என்று இருப்பதை எடுங்கள். லாக் அவுட் மறக்காதீர்கள்.